பத்தில் ஒன்றும் எஞ்சிய ஒன்பதும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வேலூரிலிருந்து ஆம்பூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலாற்றின் கரையில் பள்ளிகொண்டா என்னும் ஊர் உள்ளது. எம்பெருமான் கிடந்தருளும் திருக்கோலமே அவ்வூருக்குப் பெயராயிற்று. உத்தர ரங்கநாதன் என்னும் திருநாமத்தோடு, அரவணைமேல் கண்வளர்ந்தருளியவாறு அவன் அங்கே ஸேவை ஸாதிக்கிறான். காவிரியின் நடுவே துயில்கொண்டவன் பாலாற்றங்கரையையும் உகந்தான் என்று அடியார்கள் அநுபவிப்பர். திருவிழாக் காலத்தில் எந்தப் பெருமாள் கோயிலிலும் நாம் காணும் காட்சியை அங்கும் காணலாம். உள்ளே கோவிந்த நாமம் ஒலிக்கும். வெளியே வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும்.

அந்தச் செருப்புகளுள் சில அதே பாலாற்றுப் படுகையில் தோலாகப் பதனிடப்பட்டு, ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ தைக்கப்பட்டவையாக இருக்கலாம். கடல் கடந்த நாடுகளில் நம் திருக்கோயில்களின் வாசலில் அடியார்கள் கழற்றிவைக்கும் காலணிகளுள்ளும் அப்பகுதியில் பிறந்தவை உண்டு. உலகச் சந்தைக்குக் காலணி அனுப்பும் ஊர்கள் அவை.

உள்ளே செல்லும்போது நாம் சிலவற்றைக் கையில் கொண்டுபோகிறோம். துளசி, பழம், நெய், நேர்ந்துகொண்ட காசு ஆகியவை அவை. சிலவற்றை வெளியே விட்டுவிட்டுப் போகிறோம். உள்ளே கொண்டுபோனதற்கும் வெளியே விட்டதற்கும் என்ன ஸம்பந்தம்? எம்பெருமானுக்கு ஸமர்ப்பித்த பங்கு நல்ல பங்கு. நம்மிடம் எஞ்சிய பங்கைப் பற்றி அவன் கேட்பானோ? இந்தக் கேள்வியையே இங்கே விசாரிக்கப் புகுகிறோம்.

இதற்கு முதலில் வெகு தொலைவிலிருந்து ஒரு சான்றை எடுத்துக்கொள்வோம். அது நம் ஸம்ப்ரதாயத்துக்குப் புறம்பானது. ஆயினும் நம் நெஞ்சிலும் ஒளிந்திருக்கும் ஓர் எண்ணத்தை ஒளிவின்றிச் சொல்வதால் நமக்குப் பயன்படும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகத்தில் சுமார் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள வெண்கலப் படிமம் ஒன்று இருக்கிறது. கிரேக்க நாட்டில் தீப்ஸ் என்னும் நகரிலிருந்து கிடைத்தது, கி.மு. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்க்கப்பட்டது. நீண்ட கழுத்தும் குறுகிய இடையும் கொண்ட ஆண் வடிவம். கண்களில் பதித்திருந்த பொருள் உதிர்ந்துபோயிற்று. இடக்கையில் வில் இருந்திருக்க வேண்டும் என்பர். அக்கிரேக்கர்கள் வழிபட்ட அப்போலோ என்னும் தெய்வத்தின் வடிவம் இது என்று அறிஞர் பலர் கொள்வர்.

அதன் தொடைகளின்மேல் இரண்டடிச் செய்யுள் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. படிமமே வாய்திறந்து பேசுவதாக அமைந்த செய்யுள் அது. மாந்திக்ளோஸ் என்பவன் தன் வருவாயில் பத்தில் ஒரு பங்கிலிருந்து தன்னை அத்தெய்வத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தான் என்று முதலில் சொல்கிறது. பிறகு அத்தெய்வத்தை நேரே விளித்து, இதற்கு ஈடாக மனத்துக்கினிய கைம்மாறு ஒன்றை நீ தர வேண்டும் என்று கேட்டு முடிகிறது. கொடுத்தவன் மறைந்து 2,600 ஆண்டுகளுக்கு மேலாயின. அவன் தொழுத தெய்வத்துக்கு இன்று கோயிலில் பூசையில்லை. படிமம் மட்டும் கண்ணாடிப் பேழைக்குள் நின்றுகொண்டு இன்றும் அந்தக் கைம்மாற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்தவுடன் நமக்குச் சிரிப்பு வரலாம். தெய்வத்தோடு வாணிபமோ என்று தோன்றலாம். சிரிக்குமுன் நம் வீட்டுப் பூசையறையைப் பார்த்துக்கொள்வது நல்லது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றவுடன் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து திருவேங்கடமுடையான் படத்தருகே வைக்காத இல்லம் தொண்டைநாட்டில் எத்தனை உண்டு? தேர்வு, திருமணம், வேலை, வெளிநாட்டுப் பயணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு உண்டு. மாந்திக்ளோஸ் தொடையில் எழுதியதை நாம் துணியில் முடிகிறோம். வேறுபாடு அவ்வளவே.

எம்பெருமான் அந்த முடிச்சை வெறுப்பதில்லை. ஸ்ரீகீதையின் 7ஆம் அத்யாயத்தில் தன்னைத் தொழுவோரை அவன் நால்வகையாகப் பிரித்தான். துன்பம் தீர வருபவன், பொருள் வேண்டி வருபவன், அறிய வருபவன், அவனையே வேண்டி வரும் ஞானி என்னும் நால்வரையும் உதாரர் என்றே கொண்டாடினான். இழந்ததை மீட்கவும் இல்லாததைப் பெறவும் தன்னிடம் வந்தார்களே, வேறு வாசலுக்குப் போகவில்லையே என்பது அவன் திருவுள்ளம். ஆகவே கைம்மாறு கேட்டது மாந்திக்ளோஸின் பெருங்குற்றம் அன்று. ப்ரயோஜநாந்தரபரரையும் விடாமல் பற்றுவது அவனுடைய ஸ்வபாவம்.

நம்மை உறுத்துவது அந்தச் செய்யுளில் உள்ள வேறொரு சொல். பத்தில் ஒன்று என்கிறானே, அந்தக் கணக்கு. ஒன்று உன்னுடையது என்று சொல்லும்போதே ஒன்பது என்னுடையது என்று சொல்லிவிட்டான். அந்த ஒன்பதும் எப்படி வந்தன, எங்கே போகின்றன என்பதைத் தெய்வம் கேட்கத் தேவையில்லாதபடி ஒன்றைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டான். காணிக்கை எதற்கு என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. எல்லாம் அவனுடையது என்று அறிவிப்பதற்கு என்பது ஒன்று. மீதியெல்லாம் என்னுடையது என்று உறுதிசெய்துகொள்வதற்கு என்பது மற்றொன்று. கைச்செயல் இரண்டிலும் ஒன்றே, கருத்தோ நேர்மாறானது.

நம் பூருவாசார்யர்கள் ஸ்வம், ஸ்வாமி என்ற இரண்டே சொற்களால் இக்கணக்கைத் தீர்த்தார்கள். உடைமை ஸ்வம், உடையவன் ஸ்வாமி. ஆத்மாவே அவனுக்கு உடைமை என்றால், அந்த ஆத்மா ஈட்டிய பொருளில் பங்கு பிரிப்பதற்கு இடமேது? தகப்பன் வாங்கிக் கொடுத்த பழத்தில் ஒரு சுளையைக் குழந்தை அவன் வாயில் ஊட்டுகிறது. தகப்பன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு மகிழ்கிறான். அங்கே பழம் யாருடையது என்ற வழக்கு எழுவதில்லை. ஆனால் அதே குழந்தை ஒரு சுளையை ஊட்டிவிட்டு, எஞ்சிய சுளைகளைத் தம்பியிடமிருந்து பறித்துக்கொண்டு ஓடினால் தகப்பனுக்கு அந்த ஒரு சுளை இனிக்குமோ?

நேர்ந்துகொள்வது எப்படி என்பதை நமக்குக் கற்பித்தவள் ஆண்டாள். நாச்சியார் திருமொழியில் 9ஆம் திருமொழியின் 6ஆம் பாசுரத்தில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு அவள் ஒரு நேர்த்தி செய்கிறாள். நூறு தடாக்களில் வெண்ணெயும், நூறு தடாக்களில் அக்காரவடிசிலும் வாயால் நேர்ந்து வைத்தேன், இன்று வந்து இவற்றை ஏற்றுக்கொள்வானோ என்று ஏங்குகிறாள். இதுவரை கேட்டால் மஞ்சள் துணி முடிச்சுப் போலவே தோன்றும். அடுத்த பாசுரத்தில்தான் வழி பிரிகிறது. அவன் வந்து அமுதுசெய்து என் நெஞ்சிலும் வந்து பொருந்துவானாகில், கொடுத்ததைப் பல்லாயிரம் மடங்காகப் பெருக்கி மேலும் கொடுப்பேன், அதற்குமேல் அடிமையும் செய்வேன் என்கிறாள்.

இங்கே கைம்மாறு யார் யாருக்குச் செய்வது என்று நோக்க வேண்டும். மாந்திக்ளோஸ் கொடுத்தான், தெய்வம் அதற்கு ஈடு தர வேண்டும். ஆண்டாள் கொடுத்தாள், எம்பெருமான் ஏற்றுக்கொண்டதே அவளுக்குக் கிடைத்த பெரும்பேறு, அதற்கு ஈடாக அவளே இன்னும் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்குப் பயன் மேலும் கொடுப்பதும், அவனுக்கு ஆட்படுவதும் ஆகிறது. அநந்யப்ரயோஜநர் என்று நாம் ஓதும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரை கிடைப்பது அரிது. இங்கே பத்தில் ஒன்று என்ற எல்லை நிற்க இடமில்லை. எஞ்சியது என்று ஒன்று இருந்தால்தானே எல்லை இருக்கும்.

அவள் வாயால் நேர்ந்தாள். கையால் ஸமர்ப்பித்ததாகப் பாசுரத்தில் இல்லை. இதைத் திருவுள்ளம்பற்றிய எம்பெருமானார் திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி, நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் ஸமர்ப்பித்தார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருளியபோது ஆண்டாள் அவரைத் தம் அண்ணனாக எதிர்கொண்டாள் என்பது நம் குருபரம்பரை காட்டும் செய்தி. இதில் ஒரு நுட்பம் உண்டு. பிறர் பட்ட கடனைத் தம் கடனாக ஏற்றுத் தீர்த்தவருக்கே அண்ணன் என்ற உறவு கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்; பின்னர் பாலாற்றங்கரையில் நமக்கு இது வேண்டியிருக்கும்.

கிரேக்கனைப் போலத் தெய்வ வடிவத்தையே காணிக்கையாகக் கொடுத்த அடியார்கள் நம் நாட்டிலும் உண்டு. திருமலையில் ஏகாந்த ஸேவையில் துயில்கொள்ளும் போக ஸ்ரீநிவாஸ மூர்த்தி அத்தகைய காணிக்கையே. காடவன் பெருந்தேவி என்ற பெயரும் உடைய, பல்லவ குலத்துச் சாமவை என்னும் பெருமாட்டி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வெள்ளித் திருமேனியைச் செய்து ஸமர்ப்பித்ததைத் திருமலைக் கல்வெட்டு சொல்கிறது. திருவாபரணங்களைக் கொடுத்தாள். திருவாராதனமும் திருவிழாவும் இடையறாது நடப்பதற்கு நிலங்களையும் விட்டாள். மூலவர் நின்ற இடத்தை விட்டு எழுந்தருள இயலாது. அவருக்கு ஆயிரம் கலசத் திருமஞ்சனம் செய்யும்போது இந்தச் சிறிய மூர்த்தியைப் பட்டு நூலால் அவரோடு இணைத்து வைப்பர். ஒருத்தி கொடுத்த வெள்ளி, கொடுத்த அன்றோடு முடியாமல், அடியார்கள் கைங்கர்யம் செய்வதற்கு ஒரு வாசலாக நிற்கிறது.

கிரேக்கப் படிமத்தின் எழுத்தையும் நம் கோயில் கல்வெட்டுகள் பலவற்றின் எழுத்தையும் ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். அங்கே எழுத்து தெய்வத்தை நோக்கியது. நீ எனக்குத் தா என்கிறது. இங்கே எழுத்து பின்வரும் மனிதர்களை நோக்கியது. இன்ன நிலம், இத்தனை நெல், இவர்களுக்கு அமுது என்று வகுத்துவிட்டு, ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை என்று அடியார் கையில் ஒப்படைக்கிறது. கொடுத்தவரின் பொறுப்பு தெய்வத்தோடு முடியாமல் உலகத்தார் மீதும் படர்கிறது.

இதற்கு மிகச் சிறந்த சான்று பாலாற்றங்கரையிலேயே உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயில் உள்ளது. 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு, அக்கோயிலைச் சார்ந்து நடந்த கல்விச்சாலையையும் ஆதுலசாலையையும் விவரிக்கிறது. ஆதுலசாலை என்றால் நோயாளர் தங்கிக் குணம்பெறும் இடம். அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர், சல்லியக்கிரியை செய்வார், மருந்துக்கு வேண்டியவற்றைக் கொணர்வார், பணிவிடை செய்யும் பெண்டிர் ஆகியோருக்கு ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் வெட்டப்பட்டன. பெருமாளுக்கு விட்ட பொருள் நோயாளியின் படுக்கையாகவும் ஆயிற்று என்பதை அக்காலத்தார் முரணாகக் கருதவில்லை. எல்லா உயிரும் அவனுக்குச் சரீரம் என்ற ஸித்தாந்தத்துக்கு அது இயல்பான விரிவு.

ஒரே ஆற்றின் கீழ்க்கரையில் 900 ஆண்டுகளுக்கு முன் இப்படி இருந்தது. மேற்கரையில் நம் காலத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுகத் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது, வேலை விரைவாயிற்று. கழிவுநீர் நிலத்திலும் ஆற்றிலும் கலந்தது, கிணற்று நீர் உப்பேறியது, விளைநிலங்கள் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பில், மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறுதியிட்டது. துன்புற்றவருக்கு ஈடு கொடுப்பதோடு, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சீர்செய்யும் செலவும் அந்த விலையில் அடங்கும் என்று விளக்கியது. ஆயினும் 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இடையில் 2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டார்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு தவறான முடிவுக்கு எவரும் போய்விடக் கூடாது. தோல் தொட்ட கை தாழ்ந்த கை என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் உரிமை நமக்கு இல்லவேயில்லை. நம் திருவீதிப் புறப்பாட்டில் முழங்கும் மத்தளமும் தவிலும் பேரிகையும் தோலின்றி ஒலிக்குமோ? திருமலை அடிவாரத்தில் அலிபிரியில் எம்பெருமானின் பாதுகைகளைத் தலையில் தாங்கி அடியார்கள் வலம்வருவதை இன்றும் காணலாம். தோல் தொழில் செய்யும் அடியார்கள் மலையப்பனுக்குப் பாதரக்ஷை சமைத்து ஸமர்ப்பிப்பது நெடுநாளைய மரபு என்றும், அவற்றை அணிந்து இரவில் அவன் உலாவுவதால் அடித்தோல் தேய்ந்துபோகும் என்றும் சொல்வர். அந்தக் கைகள் தைத்ததை அவன் திருவடியில் அணிகிறான். திருவடிநிலையையே ஸ்ரீசடகோபம் என்று சொல்லி நாம் முடியில் ஏற்கிறோம். ஸ்வாமி தேசிகன் பாதுகையைப் பற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ச்லோகங்கள் அருளிச்செய்தார். ஆகவே பழி தோலுக்கும் இல்லை, அதைத் தைக்கும் தொழிலாளிக்கும் இல்லை. ஆம்பூர்க் காலணி ஆலையில் நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் ஒரு பெண், சனிக்கிழமையன்று உண்டியலில் இடும் பத்து ரூபாய் சாமவையின் வெள்ளிக்குச் சற்றும் குறைந்ததன்று.

பழி எங்கே என்றால், எஞ்சிய ஒன்பதில். ஒரு பங்கைக் கொடுத்தவன், மற்ற ஒன்பது பங்கு ஆற்றிலிருந்தும் அண்டை நிலத்துக் கிணற்றிலிருந்தும் உறங்கியவர்களின் உயிரிலிருந்தும் வந்திருந்தால் என் செய்வது? கோயிலுக்குப் பொன்வேய்ந்தால் அது தீருமோ? இது தோல் தொழிலுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. சாயப்பட்டறை, சுரங்கம், வயல், வங்கி, கணினி என்று எந்த வழியாக வந்த பொருளுக்கும் இது பொருந்தும். தோல் அணியாத அடியாரும் இதிலிருந்து விலக்குப் பெறமாட்டார். தொழில் நடத்தியவனிடம் மட்டுமின்றி, மலிவாகக் கிடைத்ததை ஏன் மலிவு என்று கேளாமல் வாங்கி அணிந்த நம்மிடமும் அந்த ஒன்பதில் ஒரு துளி இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு நம் ஸம்ப்ரதாயம் முன்னமே விடை சொல்லியிருக்கிறது. அம்பரீஷனிடம் அபசாரப்பட்ட துர்வாஸர், திருவாழி துரத்த, உலகமெல்லாம் ஓடிக் கடைசியில் ஸ்ரீவைகுண்டத்தில் எம்பெருமான் திருவடியில் விழுந்தார். அதற்குமேல் செய்யக்கூடிய ஸமர்ப்பணம் எது? தன்னையே கொண்டுபோய்ப் போட்டாரே! ஸர்வசக்தனான எம்பெருமான் அப்போது தன்னால் ஆவதில்லை என்றான். அடியாருக்குத் தான் வசப்பட்டவன் என்றும், யாரிடம் குற்றம் செய்தாயோ அவனிடமே போ என்றும் திருப்பி அனுப்பினான். ஓராண்டு உணவின்றிக் காத்திருந்த அம்பரீஷனின் காலில் விழுந்த பிறகே திருவாழி தணிந்தது. தனக்குச் செய்த குற்றத்தைப் பொறுப்பவன், தன் அடியாருக்குச் செய்த குற்றத்தைத் தன் காலில் விழுவதால் மட்டும் பொறுப்பதில்லை என்பதே இதன் ஸாரம்.

பிள்ளைலோகாசாரியரும் செய்யத்தகாதவற்றை எண்ணும்போது பிறரைத் துன்புறுத்துவதையும் பிறர் பொருளைக் கவர்வதையும் சேர்த்தே எண்ணினார். சரீர சரீரி பாவத்தை உண்மையாகக் கொண்டால் இதில் வியப்பொன்றுமில்லை. பாலாறும் அவனுக்குச் சரீரம். அதன் கரையில் கிணறு கெட்ட உழவனும் அவனுக்குச் சரீரம். திருமுகத்தில் சந்தனக் காப்புச் சாற்றிக்கொண்டே திருவடியில் முள்ளைத் தைப்பவனை எந்த அர்ச்சகர் கைங்கர்யபரர் என்பார்? நீதிமன்றம் சட்டத்தின் மொழியில் 1996இல் சொன்னதும், எம்பெருமான் துர்வாஸரிடம் சொன்னதும் ஒரே திசையை நோக்குகின்றன. துன்புற்றவரிடம் தீர்க்க வேண்டிய கடனை வேறெங்கும் செலுத்தித் தீர்க்க இயலாது.

இங்கே அருளிச்செயலில் ஈடுபட்டவர்கள் ஒரு தடை எழுப்பக்கூடும். திருமங்கையாழ்வார் வழிப்பறி செய்து ததீயாராதனம் நடத்தவில்லையா, திருவரங்கத் திருமதிலுக்காகப் பிறர் வழிபட்ட பொற்படிமத்தையே கவரவில்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. ஆழ்வார் செயல் மாந்திக்ளோஸின் கணக்குக்கு நேரெதிரானது. அவர் தமக்கென்று ஒரு பங்கும் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்பதை வைத்துக்கொண்டு ஒன்றைக் கொடுப்பவன் அவரைத் துணைக்கு அழைக்க இயலாது. அன்றியும், எம்பெருமான் வழியில் வந்து ஆட்கொண்ட ஒருவரின் சரிதத்தை ஆசார்யர்கள் நமக்கு அநுஷ்டான விதியாக விதிக்கவில்லை. பெரிய திருமொழியின் தொடக்கத்திலேயே ஆழ்வார் தம் கடந்த வாழ்வை நினைத்து வருந்தித் திருநாமத்தைக் கண்டுகொண்டேன் என்று களிக்கிறார். நாம் பின்பற்ற வேண்டியது அந்த வருத்தத்தையும் அந்தக் களிப்பையுமே.

இன்னொரு தடையும் உண்டு. பொருளின் பிறப்பை ஆராயப் புகுந்தால் எவர் காணிக்கையும் தேறாதே, கோயில் வாசலில் நின்று ஒவ்வொரு காசையும் சோதிப்பதோ என்பது அது. சோதிப்பது கோயிலார் கடமை என்று நாம் சொல்லவில்லை. எம்பெருமான் எவரையும் தள்ளுவதில்லை. இலையும் பூவும் நீரும் அன்போடு தந்தால் ஏற்பேன் என்றவன் அவன். சோதனை கொடுப்பவனுடையது. முடிச்சு முடியுமுன், உண்டியலில் கை நீட்டுமுன், என்னிடம் இருக்கும் ஒன்பது யாருக்காவது உரியதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். கூலி பாக்கியிருந்தால் அதை முதலில் கொடுக்க வேண்டும். நீர் கெட்டிருந்தால் அதைச் சீர்செய்யும் வேலையில் இறங்க வேண்டும். அது நம்மால் நேரே கெடாததாக இருக்கலாம். எம்பெருமானார் ஆண்டாளின் நேர்த்தியைத் தாமே தீர்த்தபோது, இது என் கடனன்று என்று சொல்லவில்லையே. பிறர் கடனைத் தம் கடனாக ஏற்றவருக்கே கோயிலண்ணன் என்ற ஏற்றம் கிடைத்தது.

காஞ்சியில் திருவெஃகாவில், பெருகி வந்த வேகவதியின் குறுக்கே எம்பெருமான் தானே அணையாகக் கிடந்தான் என்று தலவரலாறு சொல்லும். வேள்வியைக் காக்க ஆற்றின்முன் தன் திருமேனியையே வைத்தவன் அவன். அந்த வேகவதி சென்று சேர்வது பாலாற்றில். அதே பாலாற்றின் மேற்பகுதியில் பள்ளிகொண்டாவிலும் அவன் கிடக்கிறான். அங்கே பெருக்கில்லை, பெரும்பாலான நாள்களில் மணலே ஓடுகிறது. அடியில் ஊறும் நீரும் எங்கெங்கோ உப்பாகிக் கிடக்கிறது. அன்று ஆற்றிலிருந்து வேள்வியைக் காத்தவன், இன்று நம்மிடமிருந்து ஆற்றைக் காக்கக் காத்துக் கிடக்கிறானோ என்று நமக்குத் தோன்றுகிறது. அதற்கு அவன் நம் கைகளையே எதிர்பார்க்கிறான். கைங்கர்யம் என்பதற்கு வேறு பொருளும் உண்டோ?

ஸேவித்து முடித்து, தீர்த்தமும் துளசியும் ஸ்ரீசடகோபமும் பெற்று நாம் வெளியே வருகிறோம். வாசலில் நம் செருப்பைத் தேடி எடுக்கிறோம். இந்த ஒரு கணத்தில் நின்று யோசிக்கலாம். சற்றுமுன் நம் முடியில் வைக்கப்பட்டதும் பாதுகை. இப்போது நம் காலில் ஏறுவதும் பாதுகை. முன்னதை ஆழ்வாராகவே கொண்டு குனிந்தோம். பின்னதைச் செய்த கைகளையும், அதற்காகத் தன் நீரைக் கொடுத்த ஆற்றையும் ஒருமுறையேனும் நினைத்து அணிந்தோமானால், உள்ளே ஸமர்ப்பித்த ஒரு பங்கோடு வெளியே விட்டுப்போன ஒன்பது பங்கும் அவன் திருவடியில் சேரத் தொடங்கும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.